விண்டோஸ் 10 மடிக்கணினி: டிஸ்க் எப்போதும் 100%, செட்டிங்ஸ் மாற்றியும் வேகம் வரவில்லை

செந்தூல் டீச்சர் (கோலாலம்பூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டியூஷன் வகுப்புக்குப் பயன்படும் இரண்டு மடிக்கணினிகளைப் பற்றிக் கேட்க வேண்டும்.

முதல் கணினி: இன்டெல் கோர் ஐ5-7200யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் (சுழலும் வகை), விண்டோஸ் 10 ஹோம். பட்டனை அழுத்தி, வேர்டு திறந்து, ஒரு வரி அடிக்க ஏறத்தாழ 6 நிமிடம் ஆகிறது. வேலை பெரிதாக ஒன்றுமில்லை. குரோமில் ஐந்தாறு டேப், ஒரு கூகுள் மீட், வேர்டில் தமிழ்த் தட்டச்சு, அவ்வளவுதான்.

வீடியோக்களில் சொன்னபடி செய்த மாற்றங்கள்:

- சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதிக்குப் போய், பிராசஸர் எண்ணிக்கையை 4 என்று வைத்தேன்.
- வெர்ச்சுவல் மெமரியில் ‘நோ பேஜிங் ஃபைல்’ தேர்ந்தெடுத்தேன்.
- சர்வீசஸில் சிஸ்மெய்ன், விண்டோஸ் சர்ச், விண்டோஸ் அப்டேட் மூன்றையும் டிசேபிள் செய்தேன்.
- விஷுவல் எஃபெக்ட்ஸில் ‘அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ போட்டேன். அதிலிருந்து தமிழ் எழுத்தெல்லாம் பல்லுப் பல்லாகத் தெரிகிறது.
- ஒரு ரிஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைத் துடைக்கும் மென்பொருள்) போட்டு ஓட்டினேன்.

இரண்டு நாள் கொஞ்சம் வேகமாக இருந்ததுபோல் தெரிந்தது. இப்போது குரோம் டேப்கள் தாமாக விழுகின்றன, மெமரி போதவில்லை என்று செய்தி வருகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100%-ஐ விட்டு இறங்குவதே இல்லை.

இரண்டாவது கணினி: ஐ5-8250யு, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. காலையில் நன்றாக ஓடுகிறது. மாலை வகுப்பில் மீட் தொடங்கி 20 நிமிடத்துக்குள் மவுஸே நகர மறுக்கிறது.

இந்த வருடம் புதுக் கணினி வாங்க வழியில்லை. செட்டிங்ஸை மட்டும் சரி செய்து எவ்வளவு தூரம் போகலாம்?

பிரிக்ஃபீல்ட்ஸ் பணிமேசை எழுதியது:

வணக்கம் டீச்சர். செய்த ஐந்தில் நான்கு மாற்றங்கள் உங்கள் கணினிக்குப் பாரம்தான். அவற்றைப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். முதலில் ஒரு ரிஸ்டோர் பாயின்ட் (ஏதாவது தவறினால் பழைய அமைப்புக்குத் திரும்ப உதவும் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்டார்ட்டில் ‘கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்’ என்று தேடுங்கள். சி டிரைவுக்குப் புரொடெக்‌ஷன் ஆஃப் என்றிருந்தால் கான்ஃபிகரில் ஆன் செய்து, கிரியேட் அழுத்துங்கள்.

பேஜிங் ஃபைலை முதலில் கவனியுங்கள், டேப்கள் விழுவதற்கு அதை எடுத்ததுதான் காரணம். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் இடம் அது. விண்டோஸ் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ‘இவ்வளவு மெமரி தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கின் மொத்த வரம்பு, ரேமையும் பேஜிங் ஃபைலையும் கூட்டினால் வரும் அளவு. பேஜிங் ஃபைல் இல்லையென்றால் உங்கள் வரம்பு 3.9 ஜிபியோடு முடிந்தது. குரோமோ வேர்டோ நிஜத்தில் அவ்வளவு பயன்படுத்தாவிட்டாலும், வாக்கு வரம்பைத் தொட்டதும் அடுத்த வேண்டுகோள் மறுக்கப்படும், டேப் விழும்.

பேஜிங் ஃபைலை எடுத்துவிட்டால் டிஸ்க் ஓய்வெடுக்கும் என்று அந்த வீடியோக்களில் சொல்லியிருப்பார்கள். நடப்பது நேர்மாறு. ரேம் நிறைந்தால் விண்டோஸ் எதையாவது வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும். பேஜிங் ஃபைல் இருந்தால், அரை மணி நேரமாகத் தொடாத டேப்பின் தரவை அங்கே எழுதிவிட்டு இடம் பிடிக்கும். இல்லையென்றால் அந்தத் தரவை வைக்க வேறு இடமில்லை. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் சொந்தக் கட்டளைப் பகுதிகளையே ரேமிலிருந்து கைவிட்டு, அடுத்த விநாடியே அவற்றை மறுபடியும் டிஸ்கிலிருந்து படிக்கும். உங்கள் டிஸ்க் 100%-இல் நிற்பதில் இதற்கும் பங்குண்டு.

சரி செய்யும் வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலுள்ள செட்டிங்ஸ் பட்டன், பிறகு அட்வான்ஸ்டு, வெர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். மேலே ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ என்று தொடங்கும் பெட்டியில் டிக் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சி டிரைவில் 15 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

பிராசஸர் எண்ணிக்கை: அந்தப் பெட்டி கோர்களைக் குறைத்துச் சோதிப்பதற்காக வைக்கப்பட்டது. டிக் இல்லாமல் விட்டாலே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும். டிக்கை எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே ‘மேக்சிமம் மெமரி’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் ரேமின் ஒரு பகுதி பூட்டிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தின் அடியில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற எண்ணைப் பாருங்கள். உங்களுடையது போன்ற கணினியில் நூறு இருநூறு எம்பி இயல்பு. ஒரு ஜிபிக்கு மேல் இருந்தால் அந்த டிக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

விண்டோஸ் சர்ச் சேவையை நிறுத்திவிட்டதால் ஸ்டார்ட்டில் தேடல் தடுமாறலாம். அப்படியானால் கன்ட்ரோல் பேனலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ் வழியாகப் போங்கள், சிஸ்டம் கான்ஃபிகரேஷனும் சர்வீசஸும் அங்கே இருக்கும். அப்டேட்டை ‘மேனுவல்’ ஆக்குங்கள். விண்டோஸ் சர்ச்சுக்கு ‘ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட்’ வையுங்கள். சிஸ்மெய்னை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள்.

ரிஜிஸ்ட்ரி கிளீனரை நீக்கிவிடுங்கள். ரிஜிஸ்ட்ரியில் ஆயிரம் பழைய வரிகள் கிடந்தாலும் விண்டோஸ் அவற்றை வரிசையாகப் படிப்பதில்லை, தேவையான வரியை மட்டும் நேராக எடுக்கிறது. துடைப்பதால் வேகம் வராது, தவறான வரியைத் துடைத்துவிட்டால் மென்பொருள் கெடும்.

இதெல்லாம் ஆனபிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆக இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் கருப்பகுதியை டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே ஏற்றும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் ஷட்டவுன் செய்யும் கணினியில்கூடப் பல நாள் காட்டும்.

வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்து, 10 நிமிடம் கழித்து இந்த எண்களை எழுதுங்கள்: சிபியு சதவீதமும் வேகமும், மெமரியில் ‘இன் யூஸ்’, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வரும் கம்பிரஸ்டு அளவு, ‘கமிட்டெட்’ (மேலே சொன்ன வாக்கின் மொத்தம்), ரேம் வேகம், ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’, டிஸ்க் பக்கத்தில் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’, படிக்கும் வேகம். எது மூச்சுத் திணறுகிறது என்று தெரியாமல் செட்டிங்ஸ் மாற்றினால், நோய் தெரியாமல் மருந்து மாற்றின கதைதான்.

பட்டர்வொர்த் வாசி எழுதியது:

பணிமேசை அண்ணன் சொன்னதை முடித்த பிறகு, ஸ்டார்ட்அப்பைக் கவனியுங்கள் டீச்சர். 4 ஜிபி கணினியில் செட்டிங்ஸ் மூலம் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாகத் திறந்தால் ‘மோர் டீடெய்ல்ஸ்’ அழுத்துங்கள். ஸ்டார்ட்அப் டேபில் ‘இம்பாக்ட்’ ஹை என்று இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒன்டிரைவ், டீம்ஸ், பிரின்டர் கம்பெனி உதவியாளர்கள், பாடல் செயலிகள், கேம் லாஞ்சர்கள் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யலாம். வேண்டும்போது கையால் திறந்தால் வரும். தொடக்கூடாதவை: டச்பேட் டிரைவர், ஆடியோ டிரைவர், விண்டோஸ் செக்யூரிட்டி ஐகான். முரசு அஞ்சலில் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் அதையும் விட்டுவிடுங்கள், அது எடுத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. இரண்டு மூன்று தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் சேர்ந்து ஓடினால் மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். ஒரே விசையை இரண்டும் பிடிக்கப் பார்ப்பதால் எழுத்து இரட்டிப்பாகும், வேர்டும் தடுமாறும்.

எழுத்து பல்லுப் பல்லாகத் தெரிவதற்கு மருந்து எளிது. விஷுவல் எஃபெக்ட்ஸில் எல்லா டிக்கும் போனபோது ‘ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்’ என்பதும் போய்விட்டது. ஆங்கில எழுத்தில் அதன் பாதிப்பு குறைவு. தமிழில் ண, ஜ, ஷ போன்ற வளைவு எழுத்துகளில் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு டிக்கைத் திரும்ப வையுங்கள், ‘ஷோ தம்ப்நெயில்ஸ்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற அசைவுகளும் நிழல்களும் இல்லாமலே இருக்கட்டும். வேறு கணக்கு எதுவும் மாறாது, மெனு திறக்கும்போது கால் விநாடிக் காத்திருப்பு மட்டும் குறையும். இதனால் கணினி வேகமாகிவிட்டது என்று நம்ப வேண்டாம், கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும்.

குரோமில் மூன்று இடம். செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணிச் செயலிகள் ஓடலாம் என்ற சுவிட்சை அணையுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள், தொடாத டேப்களை அது ரேமிலிருந்து விடுவிக்கும். மூன்றாவது, குரோம் திறந்திருக்கும்போது ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் குரோமின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எந்த எக்ஸ்டென்ஷன் எத்தனை எம்பி தின்கிறது என்று அங்கே பார்த்து, தேவையில்லாததை நீக்குங்கள். எட்ஜ் பயன்படுத்தாவிட்டாலும் அதன் செட்டிங்ஸில் ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’டை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே எட்ஜின் ஒரு பகுதியை அது ரேமில் ஏற்றி வைக்கிறது. 16 ஜிபி இருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டாம்.

கெப்போங் கணக்காளர் எழுதியது:

ஒரு விஷயத்தில் மாற்றுக்கருத்து. ஹார்டு டிஸ்க் கணினியில் சிஸ்மெய்ன் இருந்தால், கணினி திறந்தவுடன் ‘நீங்கள் எதைத் திறப்பீர்கள்’ என்று ஊகித்து முன்கூட்டியே டிஸ்கிலிருந்து ஏற்றத் தொடங்கிவிடும். அந்த முதல் சில நிமிடங்களில் டிஸ்க் அதற்கே போய்விடுகிறது. நிறுத்தினால் உடனே அமைதியாகிறது. அதைத் திரும்ப ஆன் செய்யச் சொல்வது எதற்கு?

மற்றவை: இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியோடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் காலாவதியாகியும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முறையாக அன்இன்ஸ்டால் செய்தால் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும். செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டியில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ சென்று, மற்றக் கணினிகளோடு அப்டேட் பகிர்வதை அணையுங்கள். சிஸ்டம், ஸ்டோரேஜ் பகுதியில் டெம்பரரி ஃபைல்ஸைத் துடைக்கும்போது ‘டவுன்லோட்ஸ்’ டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். மாணவர் அனுப்பிய கோப்புகள் அங்கேதான் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பணிமேசை எழுதியது:

கணக்காளர் ஐயா சொல்லும் அமைதி உண்மைதான், 8 ஜிபிக்கு மேல் உள்ள ஹார்டு டிஸ்க் கணினியில் நிறுத்திப் பார்ப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் விண்டோஸ் 10-இல் சிஸ்மெய்ன் முன்கூட்டியே ஏற்றி வைப்பதோடு நிற்பதில்லை. மெமரி கம்பிரஷனும் அதன் கையில்தான் இருக்கிறது. ரேம் நெருக்கடியில், தொடாத தரவை டிஸ்குக்குத் தள்ளுவதற்கு முன் ரேமிலேயே சுருக்கி வைக்கிறது. சிஸ்மெய்னை டிசேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்தால் அந்தச் சுருக்கமும் நின்றுவிடும். 4 ஜிபி கணினியில் அது பெரிய இழப்பு. சோதிப்பது எளிது: மெமரி பக்கத்தில் ‘இன் யூஸ்’ எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 0 எம்பி என்றே நின்றால் சுருக்கம் வேலை செய்யவில்லை.

விண்டோஸ் சர்ச்சும் அப்படியே. அடியோடு நிறுத்துவதைவிட ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’, மாடிஃபை வழியாகத் தேவையில்லாத ஃபோல்டர்களின் டிக்கை எடுத்து, டாக்குமென்ட்ஸை மட்டும் விடலாம். நீங்கள் வேலை செய்யும்போது அது தானாக ஒதுங்கி நிற்கும்படி அமைக்கப்பட்டதுதான்.

கெப்போங் கணக்காளர் எழுதியது:

கம்பிரஷன் விஷயம் கணக்கில் வரவில்லை. 4 ஜிபிக்கு ஆன் ஆகவே இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சர், ‘வேகமாக இருப்பதுபோல் தெரிந்தது’ என்பதை எண்ணாக மாற்ற ஒரு வழி. ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் வரை போங்கள். ஐடி 100 என்ற பதிவில் ‘பூட் டியூரேஷன்’ மில்லிசெகண்டில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்தால் விநாடி. ஐடி 101 பதிவு இருந்தால், எந்த நிரல் தொடக்கத்தைத் தாமதப்படுத்தியது என்று பெயரோடு சொல்லும். ஒரு மாற்றம், ஒரு ரீஸ்டார்ட், ஒரு எண் என்று குறித்துக்கொண்டே போங்கள். ஐந்து மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

செந்தூல் டீச்சர் எழுதியது:

எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துவிட்டேன், மிக்க நன்றி. தமிழ் எழுத்து சரியாகிவிட்டது. டேப் விழுவதும் நின்றது. எண்கள் இதோ:

பூட் டியூரேஷன் முன்பு 2,87,000, இப்போது 1,61,000. சிபியு 15 முதல் 25%, வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ். இன் யூஸ் 3.5 ஜிபி, அடைப்புக்குள் 410 எம்பி. கமிட்டெட் 6.2/8.9 ஜிபி. ஹார்டுவேர் ரிசர்வ்டு 118 எம்பி. ரேம் வேகம் 2133, ஸ்லாட் 2-இல் 1. டிஸ்க் இன்னமும் 95 முதல் 100%, ரெஸ்பான்ஸ் டைம் 400-க்கும் 1,100 மில்லிசெகண்டுக்கும் நடுவில், படிக்கும் வேகம் விநாடிக்கு 1.6 எம்பி.

1.6 எம்பிதான் படிக்கிறது என்றால் 100% எப்படி வரும்?

பிரிக்ஃபீல்ட்ஸ் பணிமேசை எழுதியது:

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பதிலே இருக்கிறது டீச்சர். 100% என்பது எவ்வளவு தரவு போனது என்ற கணக்கு இல்லை. டிஸ்க் சும்மா இருந்த நேரமே இல்லை என்று பொருள். உங்கள் ஹார்டு டிஸ்க் ஒரு பெரிய வீடியோவை வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 100 எம்பி சுலபமாகத் தரும். பேஜிங்கில் வருவதோ 4 கேபி, 16 கேபி, 32 கேபி என்ற சின்னத் துண்டுகள், தட்டின் மூலைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் படிக்கும் முனை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். விநாடிக்கு நூறு துண்டு எடுப்பதே பெரிய காரியம். அதனால்தான் முழு மூச்சாக ஓடியும் 1.6 எம்பி. ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையில் விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகள் எடுக்கும், அதில் நகரும் பாகமே கிடையாது.

கமிட்டெட் 6.2 ஜிபி, கையில் இருக்கும் ரேம் 3.9. இந்த இடைவெளியைத்தான் டிஸ்க் சுமக்கிறது. செட்டிங்ஸ் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது, தொடக்கம் 2 நிமிடம் சொச்சம் குறைந்தது. இதற்கு மேல் மெனு மெனுவாகத் தேடுவதில் நேரம்தான் போகும். இனி இரண்டு பாகங்கள்.

அதற்கு முன் டிஸ்க் சாகிறதா என்று பாருங்கள். ரெஸ்பான்ஸ் டைம் 1,000-ஐத் தாண்டும்போது இந்தச் சந்தேகம் அவசியம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘ரீஅலகேட்டட் செக்டர்ஸ்’ (05), ‘கரன்ட் பென்டிங் செக்டர்’ (சி5) என்ற, டிஸ்கின் பழுதான இடங்களைக் காட்டும் இரண்டு வரிகளின் ரா மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டிருந்தால் வேறு எதையும் செய்யாமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். ரேம் மட்டும் கூட்டினால் வேலை நடுவில் இழுபறி குறையும், ஆனால் தொடக்கம் டிஸ்கையே நம்பியிருக்கும். எஸ்எஸ்டி போட்டால் தொடக்கமும் விரைவாகும், பேஜிங் நடந்தாலும் கை உணராது. 2.5 அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிமன், சாட்டா என்று கேளுங்கள். 240 அல்லது 256 ஜிபி போதும்.

அடுத்தது ரேம். ஐ5-7200யு சிப் டிடிஆர்4, டிடிஆர்3எல் இரண்டையும் ஏற்கும், ஆகவே சிப்பின் பெயரைச் சொல்லி வாங்கினால் தவறு நேரும். உங்கள் எண் 2133, அதாவது டிடிஆர்4. 1600 என்று இருந்திருந்தால் டிடிஆர்3எல். மடிக்கணினிக்கான சோடிம், 260 பின். கடையில் 2400 அல்லது 2666 தான் இருக்கிறது என்றால் வாங்கலாம், 2133-இல் ஓடும். காலியான ஸ்லாட்டில் 8 ஜிபி ஒன்று போட்டால் மொத்தம் 12. ஒரே அளவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் 8 ஜிபிக்கு இரட்டைப் பாதை கிடைக்கும், மீதம் ஒற்றைப் பாதையில் ஓடும்.

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவில் வாங்கினால் அங்கேயே மாட்டித் தருவார்கள். உங்கள் கண்ணெதிரே மாட்டச் சொல்லுங்கள், பழைய டிஸ்கைக் கையோடு வாங்கி வாருங்கள். மாணவர் விவரங்கள் அதில் இருக்கின்றன. பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்வதைவிடப் புதிதாக நிறுவுவது நல்லது. விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே ஹோம் பதிப்பை நிறுவி இணையத்தில் சேர்த்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். வேர்டுக்கான உரிமத்தை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள்.

பட்டர்வொர்த் வாசி எழுதியது:

இரண்டாவது கணினியை யாரும் தொடவில்லை. காலையில் நலம், மாலையில் 20 நிமிடத்தில் திணறல் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது சூடு.

8250யு 15 வாட் சிப். வெப்பம் 100 பாகையை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊரில் பகல் 32, 33 பாகை. ஏர்கான் அறையில் 24-இல் வேலை செய்த கணினியை மாலை வகுப்பில் காற்றாடிக்குக் கீழே வைத்தால், உள்ளே இழுக்கும் காற்றே 8 பாகை கூடுதல், சிப்பும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். மீட் வீடியோ சிப்பை ஓயவிடுவதில்லை. திணறும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகத்தைப் பாருங்கள். அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். பயன்பாடு உச்சத்தில் இருக்கும்போது வேகம் 1.6-க்குக் கீழே 0.8, 0.9 என்று விழுந்தால் சூடுதான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டால் ‘தெர்மல் திராட்லிங்’ வரியில் ‘யெஸ்’ என்றே காட்டும்.

செலவில்லாத வழிகள் முதலில். மேசையில் கெட்டியான பரப்பில் வைத்து, பின்புறம் இரண்டு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். மீட்டில் பின்னணி மங்கலாக்குவதை அணையுங்கள், ஒவ்வொரு பிரேமிலும் ஆளைப் பிரித்தெடுக்கும் அந்தக் கணக்கு மிகவும் கனமானது. மீட் செட்டிங்ஸ், வீடியோவில் அனுப்பும் தரத்தைக் குறையுங்கள், ஒரே நேரத்தில் தெரியும் முகங்களையும் குறையுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால்: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ‘பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்’, ‘மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்’. 100-ஐ 99 ஆக்கினால், அடிப்படை வேகத்தைத் தாண்டிப் பாயும் டர்போ நின்றுவிடும். 3.4 வரை பாய்ந்து, சூடேறி, 0.8-க்கு விழுந்து, மறுபடி பாயும் ஆட்டத்துக்குப் பதிலாக 1.6-ஐ ஒட்டி நிதானமாக ஓடும். ஒரு மணி நேர வகுப்புக்கு அதுதான் நல்லது. சில மாடல்களில் இந்த வரியே தெரியாது. அப்போது செட்டிங்ஸ், பவர் பகுதியில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்றிருந்தால் ‘பேலன்ஸ்டு’க்கு மாற்றுங்கள்.

இது தற்காலிகம். நிலையான மருந்து சுத்தம். பின் மூடியைக் கழற்றி, மின்விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, காற்று அடிக்க வேண்டும். பிடிக்காமல் அடித்தால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். விசிறிக்கும் செப்பு அடுக்குக்கும் இடையில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும், வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. நான்கைந்து வருடக் கணினி என்றால் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஓர் அரிசி அளவு புதிதாக வைத்தால் போதும்.

சார்ஜரையும் பாருங்கள். கணினியின் அடியில் 65 வாட் என்று இருந்து, கையில் இருப்பது 45 வாட் என்றால், சில மாடல்கள் சூடே இல்லாமல் வேகத்தைப் பூட்டிவிடும். வாட் எழுதாத சார்ஜரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள்: 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65.

செந்தூல் டீச்சர் எழுதியது:

நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. திணறும்போது வேகம் 0.86. 99% வைத்து, பின்னணி மங்கலை அணைத்தபின் நேற்று ஒன்றேகால் மணி நேர வகுப்பு தடங்கலின்றி முடிந்தது. சுத்தம் செய்ய இந்த வாரம் கொடுக்கிறேன்.

முதல் கணினியில் 05, சி5 இரண்டும் பூஜ்யம். எஸ்எஸ்டி, ரேம் இரண்டும் வாங்கப் போகிறேன். நேராக விண்டோஸ் 11 போட்டுவிடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பணிமேசை எழுதியது:

வேண்டாம் டீச்சர். ஐ5-7200யு ஏழாம் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். தடையைச் சுற்றி நிறுவும் வழிகள் உண்டு, ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உறுதி கிடையாது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்புப் பாதுகாப்பு, 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு வரும். அப்டேட் சர்வீஸ் டிசேபிளில் இருந்தால் அந்த இணைப்பும் வராது, முன்பு அதைத் திரும்பத் திறக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குப் பின் லினக்ஸ் மின்ட் அந்தக் கணினிக்குப் பொருத்தம். மீட் பிரவுசரில் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். வேர்டுக்குப் பதில் லிப்ரேஆஃபிஸ், அதில் உங்கள் வினாத்தாள்களின் அட்டவணைகள் சரியாகத் திறக்கின்றனவா என்று முதலில் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்.

எஸ்எஸ்டி மாட்டியதும் ‘டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ திறந்து, மீடியா டைப் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் வாராந்தர அட்டவணையை அப்படியே விடுங்கள், அது எஸ்எஸ்டிக்கு வழக்கமான டிஃப்ராக் செய்யாது, ‘இந்த இடங்கள் காலி’ என்று தெரிவிக்கும் டிரிம் கட்டளையைத்தான் பெரும்பாலும் அனுப்பும். பேஜிங் ஃபைல் ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கட்டும். பழைய டிஸ்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, ஒரு மாதமாவது ஃபார்மேட் செய்யாமல் வையுங்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் விட்டுப்போன கோப்பு அந்த ஒரு மாதத்துக்குள் கட்டாயம் ஒன்று ஞாபகத்துக்கு வரும்.